ஊரைக் கேட்கவும் நிதி வேண்டும்

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 'கேட்ச்' என்ற பெயரில் ஒரு நிதியுதவி கொடுத்து வந்திருக்கிறது. குழந்தை மருத்துவர் ஒருவர் முன்னின்று நடத்தும் உள்ளூர்த் திட்டத்துக்கு 10,000 டாலர் வரை. பயிற்சி மருத்துவர்களுக்கு 2,000 டாலர் வரை. எனக்குப் பிடித்தது தொகை இல்லை. திட்டம் தொடங்கும் முன் தாய்மார்களிடம் உட்கார்ந்து பேசவும், ஊரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கவும்கூட அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம்.

இதை நம் பக்கம் பொருத்திப் பார்க்கிறேன். கோவை எல்லையில் ஆனைகட்டி தாண்டினால் கேரளத்தின் பழங்குடி மலைப்பகுதியான அட்டப்பாடி. 2013-ல் அங்கே அடுத்தடுத்து பச்சைக் குழந்தைகள் இறந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் கேரள அரசின் பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீ மூலம் ஊர்களில் சமுதாய சமையலறைகள் வந்தன. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் ராகியும் சாமையும் தின்று வளர்ந்தவர்களிடம், என்ன சமைக்கலாம் என்று முதலில் கேட்க வேண்டாமா?

பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் சோகையும் அங்கே உண்டு. பிறந்ததுமே ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கலாம். அதன்பின் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த வண்டியில், இரவில் யார் துணையோடு? இந்தக் கேள்விக்குப் பதில் ஊர்க்காரர்களிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதத் துணிகிற மருத்துவருக்கு ஒரு சின்னத் தொகை போதும்.

அகளி, புதூர், சோலையூர் பக்கம் வேலை செய்யும் குழந்தை மருத்துவர்கள் இதைப் படித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். இதுபோன்ற நிதி எங்கே கிடைத்தாலும் அதற்கு விண்ணப்பம் எழுத, தமிழிலும் மலையாளத்திலும் பேசித் தர, நான் இருக்கிறேன்.