கையெழுத்து போட்டவங்களுக்கு என்ன கெடச்சுது?

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துல எனக்கு கோவம் வர்ற முதல் இடம் அந்தத் தேதி தான். 1967 ஜனவரி 1க்கு முன்னாடி குண்டு வெடிச்சுப் பாத்தவங்க மட்டும் அணு ஆயுத நாடு, மத்த யாரும் அந்தப் பக்கமே போகக்கூடாது. சரி, பதிலுக்கு அப்படி வெடிச்சுப் பாத்த அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனான்னு அஞ்சு நாடும் ஒரு வாக்கு குடுத்துச்சு, ஆறாவது பிரிவுல இருக்கு, ஆயுதத்த ஒழிக்க நல்லெண்ணத்தோட பேச்சுவார்த்தை நடத்துவோம்னு. 1970ல அமலுக்கு வந்துச்சு, 1995ல காலவரையறை இல்லாம நீட்டிச்சும் குடுத்தாங்க, இன்னைக்கும் உலகத்துல 12,000க்கு மேல அணுகுண்டு இருக்கு, அதுல பெரும்பகுதி அமெரிக்கா கிட்டயும் ரஷ்யா கிட்டயும் தான்.

இந்த நிலைமையில வளரும் நாடுகள் கிட்ட போய் "விதிய மதிங்க"ன்னு சொன்னா யாரு கேப்பா?

லிபியாவ எடுத்துக்கோங்க. 2003 டிசம்பர்ல அந்த நாட்டுத் தலைவர் கடாஃபி அணு ஆயுதத் திட்டத்த விட்டுடுறேன்னாரு, யுரேனியத்த செறிவூட்டுற சென்ட்ரிஃபியூஜ் பாகங்கள், குண்டோட வரைபடம்னு எல்லாத்தையும் அமெரிக்காவுக்கு ஏத்தி அனுப்பியாச்சு, 2011ல நேட்டோ விமானங்கள் குண்டு போட்டுச்சு, அக்டோபர்ல ஆளே போயாச்சு. அவரு சர்வாதிகாரி தான், அவருக்காக நான் பேசல. ஆனா அதே 2003ல ஒப்பந்தத்த விட்டு வெளிய போன வட கொரியா 2006ல வெடிச்சுப் பாத்துச்சு, 2018ல சிங்கப்பூர்ல அமெரிக்க அதிபரே வந்து கை குடுத்தாரு. அந்தச் சந்திப்புக்கு கொஞ்ச நாள் முன்னாடி அமெரிக்க அதிபரோட பாதுகாப்பு ஆலோசகரா இருந்த ஜான் போல்டன் "லிபியா மாடல்"னு பேசப்போய் வட கொரியா கொதிச்சுது, கொதிக்காம என்ன செய்யும்? தன் அணுத் திட்டத்தக் கட்டுப்படுத்த ஒத்துக்கிட்ட 2015 உடன்பாட்டுப்படி ஈரான் நடக்குதுன்னு சர்வதேச அணுசக்தி முகமை திரும்பத் திரும்ப அறிக்கை குடுத்தும் 2018 மே மாசம் அமெரிக்கா வெளிய வந்துடுச்சு. கையெழுத்தே போடாத இஸ்ரேல்கிட்ட ஒரு கேள்வி கெடையாது.

இதனால எல்லாரும் குண்டு செய்யலாம்னு நான் சொல்லவே மாட்டேன். குண்டு என்ன செய்யும்னு பசிபிக் கடல்ல இருக்கிற மார்ஷல் தீவுக்காரங்களுக்குத் தெரியும். 1954 மார்ச் 1, அங்க பிகினித் தீவுல அமெரிக்கா வெடிச்ச சோதனைக் குண்டு 15 மெகா டன், பக்கத்து ரோங்கலாப் தீவுல வெள்ளையா கதிரியக்கச் சாம்பல் கொட்டுச்சு, அது என்னன்னு தெரியாம பிள்ளைங்க அதுல விளையாடுச்சுங்க, அப்புறம் தோல் வெந்துச்சு, முடி கொட்டுச்சு, ரெண்டு நாள் கழிச்சு தான் அவங்கள அங்கேருந்து கூட்டிட்டுப் போனாங்க.

அந்தச் சின்ன நாடு 2014ல தி ஹேக்ல இருக்கிற சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், பேச்சுவார்த்தைக் கடமைய செய்யலன்னு ஒன்பது அணு ஆயுத நாட்டு மேலயும் (அந்த அஞ்சோட இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வட கொரியா) வழக்கு போட்டுச்சு. நீதிமன்றத்தோட அதிகாரத்த ஏத்துக்கிட்டிருந்த பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் மேல போட்டது மட்டும் தான் விசாரணை வரைக்கும் வந்துச்சு. 2016ல மூணையுமே தள்ளிட்டாங்க, பிரிட்டன் வழக்குல ஓட்டு 8க்கு 8, தலைவரோட முடிவு ஓட்டுல தான் தள்ளுபடி. காரணம் என்னன்னா, வழக்கு போட்டப்போ ரெண்டு தரப்புக்கும் நடுவுல "தகராறு"ன்னு ஒண்ணு இல்லயாம். குடுத்த வாக்க காப்பாத்தினாங்களாங்கிற கேள்விய எடுத்து விசாரிக்கவே இல்ல.