இரவு 2 மணிக்கு ஓடிய மோட்டர்

பங்குனி மாத கரண்ட் பில் 104 யூனிற் என்று வந்தது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டில் இருப்பது நானும் அம்மாவும் மட்டும். ஏசி இல்லை, வாஷிங் மெஷின் இல்லை, சமையல் காஸ் அடுப்பில். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை இரண்டு தரம் பார்த்தார். "தம்பி, நாங்கள் இரண்டு பேர் இவ்வளவு எரிச்சிருப்பமோ?"

இலங்கையில் வீட்டுக் கரண்டுக்குப் படிப்படியாகத்தான் விலை. அதில் நெஞ்சில் அடிக்கிற படி 60. மாதம் 60 யூனிற்றுக்குள் நின்றால் முதல் 30க்கு ஒரு குறைந்த விலை, அடுத்த 30க்குக் கொஞ்சம் கூட. 60ஐத் தாண்டிவிட்டால் முதல் யூனிற்றிலிருந்தே கூடின விலை, நிலையான கட்டணமும் ஏறும். 61ஆவது யூனிற்றை ஒரு யூனிற் என்று நினைக்கக் கூடாது, முந்தின 60ஐயும் அது இழுத்துக்கொண்டு போகிறது. மீற்றர் பார்க்க வருபவர் 33 நாள் கழித்து வந்தால் எல்லையும் நாள் கணக்குப்படி நீளும். ஆகவே நான் மனதில் வைத்த கணக்கு ஒன்றுதான்: நாளுக்கு 2 யூனிற்.

2022 ஆகஸ்டில் கரண்ட் விலையைச் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள், 2023 பெப்ரவரியில் திரும்ப 66 வீதம். அதன் பிறகு விலை ஏறியும் இறங்கியும் வந்தாலும் இந்தப் படிகளை விளங்கிக்கொள்ளாமல் பில்லைக் குறைக்க முடியாது என்பது என் அனுபவம்.

மீற்றரை நானே பார்க்கத் தொடங்கினேன். எங்களுடையது தட்டுச் சுழலும் பழைய மீற்றர். சிவப்புப் பெட்டிக்குள் இருக்கும் கடைசி இலக்கம் யூனிற்றின் பத்தில் ஒரு பங்கு. இரவு 10 மணிக்கு ஒரு தரம், காலை 6 மணிக்கு ஒரு தரம், குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் பென்சிலால் எழுதினேன். இரவில் ஓடுவது இரண்டு மின்விசிறியும் பிரிட்ஜும்தான். மின்விசிறி ஒன்று 75 வாட், 8 மணித்தியாலத்துக்கு 0.6 யூனிற். இரண்டுக்கும் 1.2. பிரிட்ஜுக்கு ஒரு 0.3. மொத்தம் ஒன்றரை வர வேண்டும். கலண்டரில் 1.9 என்று நின்றது. அடுத்த நாளும் அதே 1.9.

மூன்றாம் நாள் நித்திரை கொள்ளாமல் கிடந்தேன். இரவு 2 மணி இருக்கும், கிணற்றடியில் மோட்டர் ஓடத் தொடங்கியது. தாங்கியில் தண்ணீர் இறங்கினால் தானாக ஓடும்படி பூட்டியது அது. 1 குதிரைவலு மோட்டர், மணிக்கு ஒரு யூனிற் குடிக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் ஓடி நின்றது. விடிந்து அம்மாவிடம் கேட்டால், "நான் கனநாளாக் கேக்கிறன், பக்கத்து வீட்டு மோட்டர் எண்டெல்லோ நினைச்சன்" என்கிறார்.

யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் தாங்கி ஏன் இறங்குகிறது? பைப் எல்லாம் தடவிப் பார்த்தேன், ஈரமே இல்லை. அப்போதுதான் அம்மா, வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கொமட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்ப் பெட்டிக்குள் கொஞ்சம் கரைத்துவிடச் சொன்னார். கரைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். கால் மணித்தியாலம் கழித்துப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானின் பின்சுவரில் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து அடியில் அடைக்கும் ரப்பரைக் கழற்றினேன். விளிம்பெல்லாம் சுண்ணாம்பு படிந்து கல்லாகிக் கிடந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது, அது படாத இடம் ஏது. புது ரப்பர் போட்டேன். அந்த மாதம் 81. மோட்டரின் தானியங்கி சுவிச்சையும் நிறுத்திவிட்டேன், இப்போது காலையில் நாங்களே போட்டு நிறுத்துகிறோம்.

அடுத்தது மின்விசிறி. எல்லோரும் முதலில் லைற்றைத்தான் நிறுத்தச் சொல்வார்கள். எல்ஈடி பல்ப் 9 வாட், மாலை முழுக்க எரிந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. இரவிரவாகச் சுழலும் 75 வாட் விசிறிதான் கணக்கில் ஏறுவது. பிஎல்டிசி என்கிற, கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டர் பூட்டிய விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. விலை கூடத்தான், ஒரேயடியாக இரண்டும் வாங்க முடியவில்லை. முதலில் அம்மாவின் அறைக்குப் போட்டேன், பில் 67. ஆடியில் என் அறைக்கும் போட்டேன், 58. அந்த 58ஐப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிய பிறகு அந்தப் பக்க யன்னலைத் திறந்துவைத்தால் பகலில் விசிறியே தேவைப்படுவதில்லை. அயன் பொக்ஸ் 1000 வாட், உடுப்பைச் சேர்த்துவைத்துக் கிழமைக்கு ஒரு தரம் மினுக்குகிறோம்.

அம்மாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி இருந்த அந்த வருடங்களில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் வால்வுக்குள் திரி கோத்து ஒரு விளக்குச் செய்வார். அதைச் சுற்றியிருந்துதான் நான் பெருக்கல் வாய்ப்பாடு படித்தது. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு மிதியைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ செய்தி வாசிக்கும். எண்ணெய் எவ்வளவு நேரம் எரியும் என்று அம்மாவுக்குக் கணக்குத் தெரியும். இப்போது மீற்றரும் அப்படித்தான். இரவு இலக்கத்தை அவர்தான் கலண்டரில் எழுதுகிறார், 2க்கு மேல் போன நாளுக்கு ஒரு வட்டம் போடுகிறார்.

இந்தக் கிழமை இரண்டு வட்டம். பிரிட்ஜ் கதவுக்குள் ஒரு கடதாசியை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன், கீழ் மூலையில் பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. கதவு ரப்பரின் அளவை எடுத்துக் கடையில் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை வரச் சொன்னார்கள்.