பேரீச்சைக்கு ஒரு தீ, அத்திக்கு ஒரு தீ

செப்டம்பர் 6, சனி

இருபதாம் தேதி இரவுச் சாப்பாட்டுக்கு நண்பர்கள் வருகிறார்கள். சாப்பாட்டைத் தங்கை பார்த்துக்கொள்வாள், ஸ்டார்ட்டர் என் பொறுப்பு. உப்பிட்ட இறைச்சியில் பழத்தைச் சுற்றி, ஓவனில் சுட்டு, சூடாகக் கொடுப்பதாக இருக்கிறேன். "பழத்தைப் போய் யாராவது ஓவனில் வைப்பாங்களா அக்கா?" என்றாள். தின்று பார்த்துவிட்டுப் பேசு என்றேன்.

இன்று பேரீச்சையும் பேக்கனும், அதாவது உப்பிட்ட பன்றியிறைச்சிக் கீற்றும். இந்த வகையில் இது பழகிய ஜோடி. ஸ்பெயினில் இதைத் தபாஸ் என்ற சிறுதீனித் தட்டுகளில் வைப்பார்கள். இங்கிலாந்தில் உலர்ந்த பிளம்ஸையோ பேரீச்சையையோ பேக்கனில் சுற்றி 'டெவில்ஸ் ஆன் ஹார்ஸ்பேக்' என்று கொடுப்பார்கள்.

மெஜூல் பேரீச்சையைத்தான் எடுத்தேன். பெரிய பழம், கொட்டையை எடுத்த பிறகு உள்ளே ஏதாவது வைக்க நல்ல இடம் இருக்கும். டெக்லெட் நூர் என்ற வகை சின்னது, கொஞ்சம் கெட்டியானது. அதற்குள் ஒரு பாதாம் போகும், அவ்வளவுதான். மெஜூலுக்கு ஒரு கதை உண்டு. மொராக்கோவில் பேரீச்சை மரங்களை நோய் அழித்துக்கொண்டிருந்த காலம். 1927இல் வால்டர் ஸ்விங்கிள் என்ற தாவரவியலாளர் நோய் தொற்றாத 11 பக்கக் கன்றுகளை அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அந்த நாட்டின் மெஜூல் தோப்புகள் அவற்றிலிருந்து தொடங்கியவை.

செய்முறை பெரிய வித்தை இல்லை. பழத்தை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, வறுத்த பாதாம் ஒன்றை உள்ளே வைத்து மூட வேண்டும். பேக்கன் கீற்றைக் குறுக்கே பாதியாக வெட்டி, ஒரு பழத்துக்கு அரைக் கீற்று. ஒரு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் மேலே ஏறினால் போதும்; அதற்கு மேல் சுற்றினால் உள்சுற்று வேகாமல் வழவழவென்று நிற்கும். பேக்கன் பச்சை இறைச்சி என்பதை மறக்கக் கூடாது. கீற்றின் முனை அடியில் இருக்கும்படி கம்பித் தட்டில் வைத்து, கொழுப்பு சொட்ட அடியில் ஒரு தட்டு. 200 டிகிரி செல்சியஸ், 20 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பல். கனமான பேக்கன் இதற்கு ஆகாது. அது மொறுமொறுப்பாவதற்குள் பேரீச்சையின் ஓரம் கருகிக் கசந்துவிடும்.

தேனோ சர்க்கரையோ முதலிலேயே தடவச் சொல்வார்கள். வேண்டாம். பழத்தில் இருக்கும் சர்க்கரையே போதும். தடவியது தட்டில் வழிந்து கரியாகும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தங்கை நேற்று ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை மீதியை வாணலியில் சூடாக்கித் தின்றுகொண்டிருந்தாள். தீர்ப்பு கிடைத்துவிட்டது.

செப்டம்பர் 10, புதன்

அத்திப்பழம் வந்தது. கூடவே புரோஷூட்டோ, இத்தாலியின் பார்மாவில் செய்தது. பன்றியின் பின்தொடை, உப்பு, இரண்டே பொருள். இறைச்சி கெடாமல் இருக்கப் போடும் நைட்ரைட்டைச் சேர்க்கப் பார்மாக்காரர்களின் விதி இடம் கொடுக்காது. உப்பு ஏற்றிய தொடையை ஒரு வருடத்துக்கு மேல் காற்றில் தொங்கவிடுகிறார்கள். தேர்வான தொடையின் தோலில் ஐந்து முனைக் கிரீடம் ஒன்றைச் சூட்டுக்கோலால் பொறிப்பார்கள். 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பார்மா புரோஷூட்டோ என்ற பெயருக்குப் பாதுகாப்பு உண்டு.

அந்த நீண்ட காத்திருப்பில் நடப்பதுதான் சுவை. இறைச்சியின் புரதம் மெல்ல மெல்ல உடைந்து அமினோ அமிலங்களாகிறது. அதில் ஒன்றான குளூட்டமேட் நாக்கில் நின்று பேசும் அந்த ஆழத்தைக் கொடுக்கிறது. நன்றாக முதிர்ந்த தொடையை வெட்டினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். பூஞ்சை என்று பயந்து சுரண்டிப் போடுகிறவர்கள் உண்டு. அது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகம். பயப்பட ஒன்றுமில்லை, நல்ல அறிகுறி.

இப்படிப்பட்ட இறைச்சிக்கு இனிப்பு பக்கத்தில் வந்தால் இரண்டுக்கும் லாபம். உப்பு கசப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும், இனிப்பு உப்பின் கூர்மையைத் தணிக்கும்.

அத்தியைத் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும். விரலுக்கு இளக வேண்டும், காம்பு லேசாகத் தளர்ந்திருக்க வேண்டும். கெட்டியாகப் பறித்த காயை வீட்டில் வைத்துக் காத்திருந்தால் மெத்தென்று ஆகும், இனிப்பு அவ்வளவாக ஏறாது. மேலிருந்து பாதி ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அடியை லேசாக அமுக்கினால் பூவாக விரியும். நடுவில் ஒரு தேக்கரண்டி ஆட்டுப்பால் சீஸ், தைம் என்ற மணமூலிகை இரண்டு இலை. இடுப்பைச் சுற்றிப் புரோஷூட்டோவை நீளவாக்கில் கிழித்த ஒரு பட்டை. 200 டிகிரியில் 8 நிமிடம், போனால் 10. வெளியே எடுத்த பிறகு தேன், மிளகு. உப்பு ஒரு துளிகூட வேண்டாம். புரோஷூட்டோவிலிருந்து சூட்டில் நீர் போகப் போக உப்பு தூக்கலாகும். சீஸையும் உப்பு குறைந்ததாகப் பார்த்து எடுப்பது இதனால்தான்.

எந்தப் பழத்துக்கு எந்த இறைச்சி என்பதைச் சுவையை வைத்துச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது தீயை. பேக்கனின் கொழுப்பு உருகி மொறுமொறுப்பாக நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் சூட்டில் நிற்கக்கூடியது உலர்ந்த பழம்தான். புரோஷூட்டோ ஏற்கெனவே தின்னத் தயாராக இருப்பது, அதற்குச் சூடு மட்டும் காட்டினால் போதும், அத்திக்கும் அதேதான். புது அத்தியைப் பேக்கனில் சுற்றச் சொல்லும் குறிப்புகளை நிறையப் பார்க்கிறேன். பேக்கன் வேகும்போது அத்தி குழைந்து ஜாமாகியிருக்கும். ஜாம் வேண்டுமென்றால் ஜாமே செய்யலாமே.

செப்டம்பர் 13, சனி

வேறு பழங்களைப் பற்றி யோசனை.

பேரிக்காய் சரிவரும், ஆனால் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். எட்டாக நறுக்கி, வெண்ணெயில் இரு பக்கமும் நிறம் வர வாட்டி, அப்புறம் சுற்ற வேண்டும். இதற்கு ஸ்பெக் நன்றாக இருக்கும். வட இத்தாலியின் மலைப் பகுதியில் செய்யும் உப்பிட்ட பன்றித்தொடை, லேசான புகைவாசம் உண்டு. நீலப் பூஞ்சை படர்ந்த நீல சீஸ் ஒரு கீற்று பக்கத்தில் வைத்தால் போதும், உள்ளே திணித்தால் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும்.

அன்னாசி கொஞ்சம் வம்பு. அதிலிருக்கும் ப்ரோமெலின் என்ற நொதி இறைச்சிப் புரதத்தை அறுத்துக் கூழாக்கும். முதல் நாளே சுற்றி வைத்தால் மறுநாள் பேக்கன் பிசுபிசுக்கும். துண்டுகளை முதலில் சூடான வாணலியில் நன்றாக வாட்டிவிட்டால் நொதி செயலிழந்துவிடும்.

முலாம்பழம்? புரோஷூட்டோவுடன் குளிர்ச்சியாக இருப்பதே அதற்கு அழகு. சூடாக்குவது அநியாயம்.

செப்டம்பர் 15, திங்கள்

வருகிறவர்களில் ஒருவர் பன்றி சாப்பிட மாட்டாராம். இன்று செய்தி வந்தது. நல்லவேளை, முன்னாலேயே சொன்னார்கள்.

பிரெசோலா இருக்கிறது. இத்தாலியின் வால்தெல்லினா பள்ளத்தாக்கில் செய்யும் மாட்டிறைச்சி, உப்பிட்டுக் காற்றில் உலர்த்தியது. ஆனால் அதில் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. ஓவனுக்குள் போனால் தோல் செருப்பு. அதனால் அத்தியை மட்டும் சீஸோடு சூடாக்கி, வெளியே வந்த கையோடு பிரெசோலாவை மேலே போர்த்த வேண்டும். பழத்தின் சூட்டிலேயே அது இளகும். உப்பிட்டு உலர்த்திய வாத்து நெஞ்சுக்கறி கிடைத்தால் அதுவும் நல்ல வழி, அதில் கொழுப்புப் படலம் உண்டு.

தனித் தட்டு, தனிக் கத்தி, தனிப் பலகை. ஓவனில் அவருடையது முதலில் போகும். பேக்கன் கொழுப்பு தெறித்த பிறகு அல்ல.

செப்டம்பர் 19, வெள்ளி

24 பேரீச்சையும் சுற்றி முடித்து, மூடிக் குளிர்பெட்டியில் வைத்தாயிற்று. குளிர்ந்த பேக்கன் இறுகி நிற்பதால் குச்சி குத்தத் தேவையில்லை. குச்சி எனக்குப் பிடிக்காது. ஓவனில் கருகும், தின்கிறவர் கவனிக்காமல் கடிப்பார்.

அத்தியை இன்று தொடவில்லை. கீறிய பழத்தின் மேல் உப்பிறைச்சி இரவு முழுக்கக் கிடந்தால் உப்பு சாற்றை வெளியே இழுக்கும். காலையில் நனைந்த துணியைப் பிழிவது போல் இருக்கும்.

ஒரு கப் பல்சாமிக் வினிகரைச் சிறுதீயில் பாதியாக வற்றவைத்தேன். சூடாக இருக்கும்போது நீர்த்துத்தான் தெரியும், ஆறியதும் கெட்டியாகும். அடுப்பிலேயே பாகு பதம் பார்த்தால் ஆறிய பிறகு கரண்டியோடு ஒட்டிக்கொள்ளும். வற்றும்போது எழும் ஆவி மூக்கைப் பிய்த்துவிடும், சன்னலைத் திறந்து வையுங்கள். தங்கை இருமிக்கொண்டே வந்து அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 20, சனி, நள்ளிரவு தாண்டி

வந்தவர்கள் இப்போதுதான் போனார்கள்.

பிரெசோலாவுக்கான அத்தி முதலில், பிறகு பேரீச்சை, அது வெளியே வந்ததும் புரோஷூட்டோ அத்தி. பேரீச்சையை எடுத்தவுடன் தட்டில் வைக்கக் கூடாது. உள்ளே சதை கொதிக்கும் பாகாக இருக்கும், மேலே ஆறியது போல் ஏமாற்றும். 5 நிமிடமாவது நிற்க வேண்டும். அத்தி வெந்து வருவதற்கும் அந்த நேரத்துக்கும் சரியாக இருந்தது. கடைசியாகப் பல்சாமிக் சில துளிகள், அத்திக்கு மட்டும்.

பன்றி சாப்பிடாத நண்பர் பேரீச்சைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கென்று மெஜூலில் சீஸும் பாதாமும் வைத்து, இறைச்சி இல்லாமல் தனித் தட்டில் சுட்டு வைத்திருந்தேன். அதைவிடப் பிரெசோலா அத்தியைத்தான் அவர் திரும்பத் திரும்ப எடுத்தார். புரோஷூட்டோ சாப்பிட்டவர்களும் அவருடைய தட்டில் கை வைத்தார்கள். நானும்தான். இறைச்சி ஓவனைப் பார்க்காததால் அதன் மணம் முழுசாக இருந்தது. அடுத்த முறை புரோஷூட்டோவையும் பாதியளவு இப்படியே மேலே போர்த்திப் பார்க்கப்போகிறேன். மொறுமொறுப்பு போகும், அது ஒன்றுதான் இடிக்கிறது.

பேக்கன் சொட்டிய கொழுப்பை வடிகட்டிப் புட்டியில் ஊற்றியாயிற்று. நாளை உருளைக்கிழங்கு வறுக்க அது போதும். பேரீச்சையில் ஒன்றுகூட மிச்சமில்லை. மிச்சம் வைக்கவில்லையே என்று தங்கைக்குக் கோபம்.