கடைசி வாரங்கள்: ஓர் ஒன்றாம் வகுப்பு நாட்குறிப்பு

ஏப்ரல் 7, திங்கள்

பாடப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் வரை வந்தாயிற்று. பள்ளி மூடும்வரை இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இந்தச் சமயத்தில் சின்ன வகுப்புகளில் என்ன நடக்கும் என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். வண்ணம் தீட்டும் தாள்களை நகலெடுத்துக் கொடுப்போம், வீடியோ போடுவோம், நாம் பதிவேடுகளை எழுதி முடிக்கும்வரை பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைப்போம். வேலைப் பளு அப்படி. ஆனாலும் இந்த நாட்களை அப்படிக் கழித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்றால் அது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய காலம் முடிகிறபோது, தான் எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்பதை அந்தப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அப்புறம், ஒழுங்காக விடைபெறவும் வேண்டும்.

முதல் வேலையாகக் காகிதச் சங்கிலி செய்தோம். ‘இன்னும் இரண்டு வாரம்’ என்று வாயால் சொன்னால் இந்த வயதில் பிடிபடாது. நாளை, நாளை மறுநாள் என்பதே பலருக்குக் குழப்பம். ஒரு நாளைக்கு ஒரு வளையம் என்று சங்கிலி கோத்துத் தொங்கவிட்டால், அது குறைவது கண்ணில் தெரியும். வெறுமனே கிழித்துப் போடுகிற சங்கிலி எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடம் எப்போது தொலையும் என்று எண்ணுவதுபோல் ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் அன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கிழித்தால் வேலை வெளியே வரும்.

இந்தக் குறிப்புகளில் பிள்ளைகளின் பெயர் வராது. அது அவர்களுடையது.

ஏப்ரல் 8, செவ்வாய்

யார் கிழிப்பது என்று காலையிலேயே சண்டை. வருகைப் பதிவேட்டைத் தலைகீழாகப் பிடித்து, கடைசிப் பெயரிலிருந்து ஆரம்பித்தோம். வருடம் முழுக்க எல்லாவற்றுக்கும் கடைசியாக நின்ற பையன் இன்று முதலில் வந்து கிழித்தான். அவன் நடந்து வந்த தோரணையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

இன்றைய வளையத்தில் ‘உன்னை வரை’ என்று இருந்தது.

வருடத்தின் முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் தங்களை வரைந்த படம் என் ஃபைலில் இருக்கிறது. அதை முதலிலேயே எடுத்துக் காட்டக் கூடாது. காட்டினால் அதையே பார்த்து வரைவார்கள். அதே அளவுத் தாள், அதே கிரேயான். ஒரு சின்னக் கண்ணாடியை மட்டும் சுற்றி வரக் கொடுத்தேன். காது எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வரைந்தார்கள்.

முடித்த பிறகு பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தேன். ஜன்னலோரம் உட்காரும் பையனின் பழைய படத்தில் பெரிய வட்டம் ஒன்று, அதற்குள் இரண்டு புள்ளி, வட்டத்திலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால்கள். உடம்பே கிடையாது. சின்னப் பிள்ளைகள் உலகமெங்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆய்வாளர்கள் இதற்குத் ‘தலைப்பிரட்டை மனிதன்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று அவன் வரைந்ததில் கழுத்து இருக்கிறது, கையில் ஐந்து விரல் இருக்கிறது, சட்டைப் பையும் இருக்கிறது. பைக்குள் ஒரு கோலிக்குண்டு வெளியே தெரிகிறது. துணிக்குள் இருப்பது எப்படிடா தெரியும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டுத் தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள் என்று பிரெஞ்சுக்காரர் லூக்கே 1920களிலேயே எழுதிவிட்டார். கோலிக்குண்டு அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும், வரைந்துவிட்டான்.

பழைய படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “இது என் தம்பி வரைஞ்சதா டீச்சர்?”

“நீ வரைஞ்சதுதான் கண்ணு. உன் பேர் போட்டிருக்கு பார்.”

பெயரையும் பார்த்தான். அதில் ஓர் எழுத்து தலைகீழாக இருந்தது. அதையும் அவனே கண்டுபிடித்தான்.

ஃப்ளாரன்ஸ் குட்இனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1926இல் மனித உருவம் வரையச் சொல்லி, அதில் இருக்கும் உறுப்புகளை எண்ணி, பிள்ளையின் அறிவை அளக்கும் சோதனை ஒன்றை உருவாக்கினார். எனக்கு இந்தப் படங்களை வைத்து யாருக்கும் மதிப்பெண் போட விருப்பமில்லை. ஒருவர் படத்தை இன்னொருவர் படத்தோடு வைக்கவும் மாட்டேன். அவரவர் பழைய படம், அவரவர் புதுப் படம். இந்த வாரங்களில் எனக்கு இருக்கும் ஒரே கண்டிப்பான விதி இதுதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

ரிப்பன் நாள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவர் உயரத்துக்கும் ஒரு ரிப்பன் வெட்டிச் சுருட்டி வைத்திருந்தேன். இன்று மறுபடி சுவரோரம் நிறுத்தி, புதிதாக ஒன்று வெட்டி, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு வளர்ச்சி. இந்த வயதில் வருடத்துக்குச் சுமார் 5, 6 செ.மீ. வளர்வார்கள். அந்த மிச்சத்தைத் தீக்குச்சியால், பேப்பர் கிளிப்பால், விரல் அகலத்தால் அளக்கச் சொன்னேன். ஒருவன் “நாலு விரல்” என்றான், நான் அளந்தபோது மூன்றுதான் வந்தது. ஏன் என்று கேட்டதும் வகுப்பே யோசித்தது. “டீச்சர் விரல் குண்டு” என்ற பதில் வந்தது. சரியான பதில். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் எதற்கு வேண்டும் என்பதை இதைவிட நன்றாக என்னால் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

வகுப்பிலேயே குள்ளமான பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முழு ரிப்பனைச் சுவரில் ஒட்டினால் அவளுடையது சின்னதாகத் தெரியும். அதனால் மிஞ்சிய துண்டை மட்டும் வெட்டி, அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்தேன். அவளுடைய துண்டு அவளுக்குப் போதுமான அளவு நீளமாகவே இருந்தது. மதியம் வரை கையிலேயே வைத்திருந்தாள்.

பக்கத்தில் பல் சார்ட்டும் போட்டோம். பால் பற்கள் மொத்தம் 20. ஆறு வயதை ஒட்டித்தான் முன்பற்கள் விழத் தொடங்குகின்றன. யாருக்கு எது விழுந்தது என்று வாயைத் திறந்து காட்டி வண்ணம் அடித்தார்கள். இன்னும் ஒன்றுகூட விழாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘20 பல்லும் பத்திரம்’ என்று தனிக் கட்டம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

‘இப்போது எனக்குத் தெரியும்’ என்ற புத்தகத்தை இன்று எழுதி முடித்தோம். ஆளுக்கு ஒரு பக்கம். சொல்வது அவர்கள், எழுதுவது நான், படம் போடுவது அவர்கள். அவர்கள் வாயிலிருந்து வருவதை ஒரு சொல்கூடத் திருத்தாமல் எழுதுகிறேன். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளைகளின் சொந்தச் சொற்களையே அவர்களின் முதல் வாசிப்புப் பாடமாக்கினார். தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை ஒரு பிள்ளை எவ்வளவு சுலபமாகப் படிக்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

சில பக்கங்கள்:

“எனக்கு பட்டன் போடத் தெரியும். மேல் பட்டன் மட்டும் அம்மா.”

“எனக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியும், நடுவுல மூச்சு விடணும்.”

“அழற பிள்ளைகிட்ட ஏன்னு கேக்கக் கூடாது. பக்கத்துல உக்காரணும்.”

இந்த மூன்றாவதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் இல்லை.

வகுப்பில் பேசவே பேசாத பெண் ஒருத்தி இருக்கிறாள். காதில் கிசுகிசுப்பாள், அதுவும் அபூர்வமாகத்தான். அவள் முறை வந்ததும் மற்றவர்களை விளையாட அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். தாளில் கதவு ஒன்று வரைந்தாள், பிடியோடு. ரொம்ப நேரம் கழித்து, “நானே திறப்பேன்” என்றாள். எங்கள் வகுப்புக் கதவு கனமானது. முதல் வாரங்களில் அவள் அதன் முன்னால் நின்று, யாராவது வரும்வரை காத்திருப்பாள். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த இரண்டு சொல்லையும் விரல் வைத்துப் படித்தாள்.

ஏப்ரல் 16, புதன்

சான்றிதழ் பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. ‘சிறந்த மாணவர்’, ‘சிறந்த கையெழுத்து’ என்று ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடலாம், யாரையும் விடவில்லை என்று ஆகிவிடும் என்றார்கள். அவர்களுடைய நல்ல மனது எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. யாருடைய அட்டை நிஜம், யாருடையது ஒப்புக்குக் கொடுத்தது என்பதை ஆறு வயதுப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் சுமார் பாதிதான். பரிசு எதிர்பாராமல் கிடைத்த பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு வரவில்லை. தானாக இருந்த ஆசையைச் சான்றிதழ் தின்றுவிட்டது.

அட்டைக்குப் பதிலாக நாங்கள் வட்டமாக உட்கார்ந்தோம். நூல் உருண்டை ஒன்று. அதைப் பிடித்திருப்பவர் யாராவது ஒருவருக்கு, நடந்த ஒரு காரியத்தைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். ‘நீ நல்லவன்’ என்று சொன்னால் செல்லாது. “அன்னிக்கி என் ரப்பர் தொலைஞ்சப்போ நீ பெஞ்சுக்கு அடியில புகுந்து தேடினே.” இப்படி. யாரும் விட்டுப்போகாமல் இருக்க, நூல் ஒருமுறை வந்த இடத்துக்கு மறுபடி போகக் கூடாது.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. கதை, கணக்கு, விளையாட்டு. இரண்டு பேர் காரணமில்லாமல் அழுதார்கள், ஒருவன் கடித்துவிட்டான். முடிவு நெருங்குவது உடம்புக்குத் தெரிந்துவிடும். வழக்கமான நேரத்தில் வழக்கமான காரியம் நடப்பதுதான் அதற்கு மருந்து.

ஏப்ரல் 21, திங்கள்

சுத்தம் செய்யும் நாள். ஆயாம்மாவிடம் விட்டுவிடலாம்தான், ஆனால் வருடம் முழுக்கப் பயன்படுத்தியவர்களே ஒழுங்கு செய்து ஒப்படைத்தால்தான் அது அவர்கள் அறை. கிழிந்த கதைப் புத்தகங்களுக்கு ‘ஆஸ்பத்திரி’ திறந்தோம். டேப் வெட்டித் தருபவர் ஒருவர், ஒட்டுபவர் ஒருவர், நோயாளியின் பெயரைப் பதிவு செய்பவர் ஒருவர்.

உடைந்த கிரேயான்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப் போட்டால் மேல் காகிதம் சுலபமாக உரியும். உரிப்பது பிஞ்சு விரல்களுக்கு நல்ல பயிற்சி. நிறம் நிறமாகப் பிரித்துக் கிண்ணங்களில் போட்டார்கள். ஊதாவா நீலமா என்று ஒரு துண்டுக்காகப் பெரிய விவாதமே நடந்தது. துடைத்துக் காயவைத்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். கிரேயான் பெரும்பாலும் பாரஃபின் மெழுகு. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, சிலிக்கான் அச்சில் ஊற்றினால் குண்டுக் கிரேயான் கிடைக்கும். உருக்குவது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

அடுத்த வருடம் இந்த அறைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கடிதம். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் படம். “பெல் சத்தம் பெருசா இருக்கும், பயப்படாதே.” “பாத்ரூம் ரெண்டாவது கதவு, முதல் கதவு சாமான் ரூம்.” “டீச்சர் கண்ணாடியைக் கழட்டினா பேசக் கூடாது.” குண்டுக் கிரேயான்களை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லியிருந்தேன். வரப்போகிறவர்களுக்கே வைத்துவிடலாம் என்று ஒரு பெண் சொன்னாள். கையைத் தூக்கச் சொன்னேன், பாதிக்கு மேல் தூக்கினார்கள். ஆசைப்பட்டவர்கள் ஒன்று எடுத்துக்கொண்டார்கள், மீதி டப்பாவில் இருக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

மாடிக்குப் போய் இரண்டாம் வகுப்பைப் பார்த்துவிட்டு வந்தோம். நான் பாடத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று எண்ணி அந்த ஆசிரியரைத் தயார்படுத்தியிருந்தேன். அவர்கள் கேட்டது: பை எங்கே மாட்டணும்? தண்ணி எங்கே? நீங்க திட்டுவீங்களா? அப்புறம் என்னைப் பார்த்து, “நீங்களும் வருவீங்கதானே?”

வர மாட்டேன், கீழேதான் இருப்பேன், படியில் பார்த்தால் கூப்பிடு என்றேன். பொய் சொல்லி ஆறுதல்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளிகளில் ஒரே வகுப்பாசிரியர் எட்டு ஆண்டுவரை கூடவே வருவது வழக்கம். இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா மழலையர் பள்ளிகளில் மூன்று ஆண்டு. நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடைப்பதில்லை. ஒரு வருடத்தில் கைமாற்றிவிட வேண்டும் என்றால், கைமாற்றுவதையும் பாடம் நடத்துகிற அக்கறையோடு செய்தாக வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

பெற்றோர் வந்து ஃபைல்களை வாங்கிப் போனார்கள். “லீவுக்கு ஹோம்வொர்க் இல்லையா?” என்று பலர் கேட்டார்கள். தினமும் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள், அது போதும் என்றேன்.

லீவு என்றதும் குதிக்காத பிள்ளைகளும் உண்டு. வீட்டில் பேச ஆள் இல்லாதவர்கள், பள்ளிக்கூடத்தில் மட்டுமே நண்பர்கள் உள்ளவர்கள். ‘லீவில் எங்கே போகிறாய்’ என்று எழுதச் சொல்லும் தாளை நான் கொடுப்பதில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

கடைசி வளையத்தை எல்லோருமாகப் பிடித்துக் கிழித்தோம். உள்ளே ‘வழக்கம்போல’ என்று எழுதியிருந்தேன். காலைப் பாட்டு, கதை, விளையாட்டு. பிள்ளைகளின் படங்கள் இருந்த சுவரை அவரவரே காலி செய்தார்கள். கதவோரம் மூன்று படம் ஒட்டியிருந்தேன்: கைகுலுக்குவது, கட்டிக்கொள்வது, கையசைப்பது. எது வேண்டுமோ அதைத் தொட்டுவிட்டு அப்படி விடைபெறலாம். கட்டிப்பிடிக்கப் பிடிக்காத பிள்ளையை அன்றைக்கு மட்டும் கட்டிப்பிடிப்பது நியாயமில்லை. கோலிக்குண்டுப் பையன் மூன்றையும் தொட்டான், மூன்றும் செய்தான்.

சாயங்காலம் மாடி ஆசிரியருக்குக் குறிப்பு எழுதி முடித்தேன். மதிப்பெண் பதிவேட்டில் இருக்கிறது. அது இதில் வேண்டாம். யார் சத்தத்துக்குப் பயப்படுவார், யாருக்குக் கதையில் யானை வந்தால் போதும், யாரைக் கேள்வி கேட்டுவிட்டு நிறைய நேரம் காத்திருக்க வேண்டும். கதவு வரைந்த பெண் இடக்கைக்காரி: பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், முழங்கை இடிக்காது, அவளுக்கான கத்தரிக்கோலை உங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.