கல்லில் பேர், கையில் சாவி: பாறசாலை லெந்து நாட்குறிப்பு

5 மார்ச் 2025, புதன்

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்ற தவக்காலம் இன்று தொடங்குகிறது. கறியும் மீனும் நாற்பது நாள் விடுவது இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பழகிப்போன காரியம். பேரை விடுவதுதான் வருவதில்லை. இந்த லெந்து முழுக்க அதைப் பற்றியே எழுத எண்ணம். பெருமை மனசில் இருக்கிறது என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். சபையில் அது வந்து உட்காருகிற இடங்களைக் கண்ணால் பார்க்கலாம்: கல்வெட்டு, மைக், சாவிக்கொத்து, ஆதாரப் பத்திரம். ஒவ்வொன்றிலும் என்ன செய்யலாம் என்று குறித்து வைக்கப் பார்க்கிறேன்.

9 மார்ச், ஞாயிறு

கேரளப் பக்கத்துப் பாறசாலை ஆனாலும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளை, மார்த்தாண்டம் ஆனாலும், சபைக்குள் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் மின்விசிறி இறகில் ஒரு பேர் இருக்கும். ‘இன்னார் நினைவாகக் குடும்பத்தார்’. நாற்காலியின் முதுகில், குழல்விளக்குப் பட்டியில், நற்கருணைப் பாத்திரத்தின் அடியில்கூட.

செத்துப்போன அம்மாவை நினைத்துக் கொடுத்தவரைக் குறை சொல்ல மனம் வராது. சிக்கல் வருவது பொருளுக்கு வயதாகும்போது. விசிறி பழுதாகிப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போனால் ‘எங்க அம்மை பேரை எடுத்துப் போட்டாச்சு’ என்று ஒரு குடும்பம் சபைக்கு வராமல் நிற்கும். முகப்பை இடித்துக் கட்டும்போது பழைய அடிக்கல்லை எங்கே வைப்பது என்பதில் தொடங்கும் சண்டை கோர்ட் வரை போகும்.

வழி இருக்கிறது. பொருளை வாங்கும்போதே ஒரு கடிதம் வாங்க வேண்டும்: பயன் உள்ளவரை இது சபையில் இருக்கும், அதன்பின் மாற்றவோ விற்கவோ கமிட்டிக்கு உரிமை உண்டு என்று. பேரைப் பொருளில் எழுதாமல் நன்கொடைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பேரோடு தேதி, தொகை அல்லது பொருள், என்ன நோக்கம், ரசீது எண், நிபந்தனை உண்டா இல்லையா, இந்த ஐந்து பத்தியும் போதும். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பதைச் சொல்லி ரசீதே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அது தப்பு. ரசீது போடாத பணம் யாரையும் தாழ்மைப்படுத்தாது, கணக்கரைத்தான் சோதனைக்குள் தள்ளும். ரசீதில் பேர் இருக்கட்டும், மைக்கில் வேண்டாம்.

அடிக்கல்லில் தேதியும் ஒரு வசனமும் போதும். அப்போதைய கமிட்டியார் பதினாலு பேரையும் பொறிப்பது நம் வழக்கம். கறுப்பு கிரானைட்டில் வெட்டிய எழுத்துக்குப் பூசும் தங்கப் பெயிண்ட் சில வருஷத்தில் உதிரும். அப்புறம் சாய்ந்த வெயிலில் நின்று பார்த்தால்தான் வாசிக்க முடியும்.

1 சாமுவேல் 15-ஐ இந்தக் கண்ணோடு வாசிக்க வேண்டும். 12-ஆம் வசனத்தில் சவுல் கர்மேலில் தனக்கு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறான். அதே அதிகாரத்தில் ராஜ்யம் அவன் கையை விட்டுப் போகிறது. 30-ஆம் வசனத்தில் பாவம் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிற அதே மூச்சில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். ஸ்தம்பத்தைவிட அந்த 30-ஆம் வசனம்தான் பயமாக இருக்கிறது.

16 மார்ச், ஞாயிறு

கல்வெட்டு என்றாலே இந்தப் பகுதியில் மயிலாடி. சிலை, கல்தூண், கல்லறைப் பலகை, எதுவானாலும் உளிச்சத்தம் கேட்கும் அந்த ஊர்தான். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்த சபைகள் தொடங்கினதும் அங்கேதான். மயிலாடி வேதமாணிக்கம் அழைக்க, 1806-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே இந்த நாட்டுக்குள் வந்தார். சபைகள் எழும்பின, பள்ளிகள் நடந்தன. 1816-ல் உடம்பு முடியாமல் கிளம்பினார். பொறுப்பு வேதமாணிக்கத்தின் கையில் இருந்தது. அடுத்த மிஷனரி மீட் நாகர்கோவில் வந்து சேர்ந்தது 1818-ல். இடையில் வெள்ளைக்கார மிஷனரி யாரும் இல்லாமல் சபைகள் நின்றன.

ரிங்கல்தௌபே எங்கே இறந்தார், எங்கே அடக்கம் ஆனார் என்று இன்றுவரை தெரியாது. கல் செதுக்குகிற ஊரில் ஊழியம் செய்தவருக்குக் கல்லறைக் கல் இல்லை. உபாகமம் 34:6-ல் மோசேக்கும் இதுதான். ஆனால் மோசே அதற்கு முன்பே எண்ணாகமம் 27-ல் ஒரு வேலையை முடித்திருந்தான். சபையார் எல்லாரும் பார்க்க யோசுவாவின் மேல் கைவைத்துப் பொறுப்பைக் கொடுத்தான். அதை அவனே கேட்டு வாங்கிச் செய்தான் என்பது கவனிக்க வேண்டியது. மேய்ப்பன் இல்லாத ஆடுகளைப்போல் சபை ஆகிவிடக் கூடாது என்று தேவனிடம் மன்றாடினதே அவன்தான். நாம் பதவி காலி ஆகும் தேதியைக்கூட வாயால் சொல்லத் தயங்குகிறோம்.

23 மார்ச், ஞாயிறு

மார்ச் 31 நெருங்குகிறது. அறுப்பின் பண்டிகை ஏல பாக்கி எல்லா சபைக் கணக்கிலும் தொங்கும்.

ஏலம் தன்னில் நல்லது. பலாச்சக்கை, மரச்சீனிக் கிழங்கு, ஏத்தன் வாழைக்குலை, கோழி, முட்டை என்று முதல் விளைச்சலைக் கொண்டுவந்து வைக்கிறோம். பணம் இல்லாதவரும் காணிக்கை கொடுக்க முடிகிறது. கெடுவது மைக்கில். ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று நிறுத்தி, இரண்டு குடும்பத்தின் பேரை மாறி மாறிச் சொல்லி ஏற்றிவிடுவார்கள். முந்நூறு ரூபாய்க் குலை ஐயாயிரத்துக்குப் போகும். கைதட்டல் அடங்கினதும் அது கடன். வருஷம் முடிய பாக்கிப் பட்டியலைச் சபையில் வாசிக்கிறார்கள். பெருமைக்குக் கேட்டவன் சமாளித்துவிடுவான். ஆர்வத்தில் ஒரு கோழியைக் கேட்டுவிட்டு எண்ணூறு ரூபாய் கட்ட முடியாத கூலிக்காரன் அதோடு வருவதை நிறுத்துவான். அவனை இழந்துவிட்டு வாங்குகிற பணம் எந்தக் களத்தின் விளைச்சல்?

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. சனிக்கிழமை சாயங்காலமே பொருளை வாங்கி எண் சீட்டு ஒட்டிவிட வேண்டும். ஏலத்தில் எண்ணைக் கூப்பிட வேண்டும், குடும்பப் பேரைக் கூப்பிடக் கூடாது. முடிந்த உடனே தொகையை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பாக்கி இருந்தால் இரண்டு வாரத்துக்குள் ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். முடியாதவர் பாக்கியைக் கமிட்டி எழுதித் தள்ளலாம், அதற்குத் தீர்மானம் போட்டால் கணக்கில் தவறு வராது. சபையில் வாசிக்கவே வேண்டாம்.

30 மார்ச், ஞாயிறு

கணக்கர் மாறும் காலம். நம் சபைகளில் தாழ்மைக்குப் பரீட்சை வைப்பது இந்த ஒரு வாரம்தான் என்று தோன்றுகிறது. பத்து வருஷம் பைசா பிசகாமல் கணக்கு பார்த்தவர், ‘எல்லாம் என் தலைக்குள்ளே இருக்கு’ என்பார். அது உண்மையும்கூட. உண்மையாக இருப்பதுதான் ஆபத்து. அவர் இல்லாமல் சபை தடுமாற வேண்டும் என்கிற ஆசை அவருக்கே தெரியாமல் அதில் ஒளிந்திருக்கிறது.

தாவீது 1 நாளாகமம் 22-லும் 28-லும் செய்ததைப் பாருங்கள். ஆலயம் கட்ட ஆசைப்பட்டவன், உனக்கு இல்லை என்ற பதில் வாங்கினவன். முகம் சுளித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. ஒரு லட்சம் தாலந்து பொன், பத்து லட்சம் தாலந்து வெள்ளி, மரம், கல் எல்லாம் சேர்த்து வைத்தான். மண்டபம், அறைகள், பொக்கிஷ சாலை, ஒவ்வொரு குத்துவிளக்குக்கும் எத்தனை நிறை பொன் என்பது வரை எழுத்தில் சாலொமோனிடம் கொடுத்தான்.

நம் அளவுக்கு அந்த எழுத்து இப்படி இருக்க வேண்டும். கையிருப்பு ரொக்கம், நோட்டு வாரியாக எண்ணி. பாஸ்புக், உபயோகிக்காத காசோலைகளின் எண். ரசீதுப் புத்தகங்கள், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பாக்கி என்று. வைப்புநிதி ரசீதுகளும் முதிர்வுத் தேதியும். மின் இணைப்பு எண், தண்ணீர் இணைப்பு எண். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றின் பதிவேடுகள். கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே என்ற வரைபடம். இதுதான் எப்போதும் விட்டுப்போகும், பழைய உபதேசியார் போனால் அதுவும் போகும். சாவிகள், ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி. இரண்டு பிரதி, பழையவர், புதியவர், போதகர் மூவரும் கையெழுத்து.

வங்கியில்தான் அதிகம் பிசகும். புதியவரைச் சேர்க்கும் தீர்மானம் எழுதுவார்கள், பழையவரை நீக்கும் வரியை எழுத மாட்டார்கள். வைப்புநிதி தானாகப் புதுப்பித்துக்கொண்டே போய், காலமானவர் கையெழுத்தில் நிற்கும். ஒரே தீர்மானத்தில் இரண்டையும் எழுதி, எல்லாக் கணக்கு எண்ணையும் குறிப்பிட வேண்டும்.

எல்லைக்காரர்களுக்கு இன்னொன்று. 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் நில ஆதாரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்ஙம் (ஆவணி) முதல் டிசம்பர் வரை உள்ள தேதிக்கு 824-ம், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய உள்ள தேதிக்கு 825-ம் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கேரளப் பக்கத்து நிலத்துக்கு வருவாய்த்துறைக் கணக்கின் தண்டப்பேர் எண்ணும் கரம் தீர்த்த (நிலவரி கட்டின) ரசீதும், தமிழ்நாட்டுப் பக்கத்துக்குப் பட்டாவும் தனித்தனி உறையில் வேண்டும். மலையாளம் வாசிக்கிறவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு ஆதாரத்துக்கும் தமிழில் அரைப் பக்கச் சுருக்கம் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். அதில் உங்கள் பேர் தேவையில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

உயில். கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். பெண்மக்களுக்குப் பங்கு கொடுக்காமல் சபைக்கு மண்டபம் கட்டிக் கொடுப்பதைச் சாட்சி என்று மேடையில் சொல்கிறோம். மாற்கு 7-ல் இயேசு கொர்பான் என்ற சொல்லை எடுத்தது இதற்குத்தான். தேவனுக்கென்று சொல்லிவிட்டால் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டை அவர் கண்டித்தார்.

பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில், உயில் இல்லாவிட்டால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-தான் பொருந்தும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக.

சபைக்கு எழுத விரும்பினால்: வெள்ளைத்தாளே போதும், முத்திரைத்தாள் வேண்டாம். சாட்சிகள் இருவர் வேண்டும். சாட்சிக்கோ அவர் கணவன், மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதினால் அந்தக் கொடை மட்டும் செல்லாது. ஆகவே பேரன்களையும் போதகரையும் சாட்சி போட வேண்டாம். உயிலுக்குப் பின் எழுதினவர் திருமணம் செய்தால் உயில் ரத்து. ‘எங்க ஊர் சபைக்கு’ என்று மட்டும் எழுதக் கூடாது; சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைச் சொத்து சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பேரில் இருப்பது வழக்கம், சொத்து யார் பேரில் என்று கேட்டு எழுத வேண்டும். நெருங்கின உறவு உள்ள கிறிஸ்தவர் தர்ம காரியத்துக்கு எழுதும் உயிலை, இறப்பதற்கு 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்ற அதே சட்டத்தின் 118-ஆம் பிரிவு இப்போது இல்லை. 2003-ல் ஜான் வள்ளமற்றம் வழக்கில் அது அடிபட்டுப் போனது. எழுதுமுன் மகள்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவதற்குச் சட்டம் ஏதும் தேவையில்லை.

16 ஏப்ரல், புதன்

நாளை பெரிய வியாழன். லத்தீன் கத்தோலிக்கப் பங்குகளிலும், மார்த்தோமா, ஓர்த்தடாக்ஸ் சபைகளிலும், இயேசு சீடர்களின் காலைக் கழுவினதை நினைத்துச் செய்யும் கால்கழுகல் உண்டு, சில இடங்களில் நம் சபைகளிலும். செய்கிறவர்களுக்காக இது.

பன்னிரண்டு பேருக்கு ஒன்பது பத்து லிட்டர் தண்ணீர் போதும். வெதுவெதுப்பு, முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் பலருக்குக் காலில் சூடு தெரியாது, கொப்பளித்த பின்தான் தெரியும். குவளையைவிட மூக்கு வைத்த கிண்டி நல்லது, தண்ணீர் சிதறாது. அகலத் தாம்பாளம் இரண்டு, ஒன்று நிறையும்போது மற்றதை மாற்ற. துண்டு பதினைந்து, ஒருவர் காலைத் துடைத்ததை அடுத்தவருக்கு எடுக்கக் கூடாது. விரலிடுக்கில் ஈரம் நிற்கவிடக் கூடாது. போதகருக்கு முழங்கால் வலி என்றால் தாழ்ந்த மணை போட்டு உட்காரட்டும், நின்றபடி குனிந்து செய்வது சரியாக வராது.

யாரை உட்கார வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கமிட்டியாரும் பெரிய நன்கொடைக்காரரும் சோப்புப் போட்டுக் கழுவின காலோடு வந்து உட்கார்ந்தால் அது இன்னொரு கல்வெட்டு. போப் பிரான்சிஸ் 2013-ல் ரோமில் சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார், அதில் பெண்பிள்ளைகளும் இஸ்லாமியரும் இருந்தார்கள். நம் ஊரில் ரப்பர் வெட்டப் போகிறவர், ஆலயம் பெருக்குகிறவர், ஏல பாக்கியில் வராமல் நின்றவர். கடைசி ஆளை முன்கூட்டியே வீட்டில் போய்க் கூப்பிட வேண்டும். என் காலையா என்று மறுப்பார். பேதுருவும் மறுத்தான்; அப்படி மறுப்பதிலும் ஒரு கௌரவம் ஒளிந்திருக்கும். யோவான் 13-ல் யூதாஸ் எழுந்து போவது 30-ஆம் வசனத்தில், அதற்குள் அவன் காலும் கழுவப்பட்டாயிற்று.

போட்டோ எடுப்பவரைப் பின்வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். முடிந்ததும் தாம்பாளத்துத் தண்ணீரை வாசல் தென்னைக்கு ஊற்றிவிட்டு, துண்டுகளைக் கையோடு அலசிக் காயப் போடுங்கள். நனைத்துப் போட்டு வைத்தால் ஈஸ்டருக்குள் நாறும்.