கேபிளைப் பிடுங்கியதைச் செயலிக்கு யார் சொல்வது?

எச்டிஎம்ஐ உள்ளீட்டை ஏற்கும் ஒரு பலகைக்கு லினக்ஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதியபோது, ஃபிரேம்களைப் பெறும் பகுதி அதிகச் சிரமமின்றி முடிந்துவிட்டது. கேபிள் பிடுங்கப்பட்டதையும் ரெசல்யூஷன் மாறியதையும் செயலிக்கு (அப்ளிகேஷனுக்கு) அறிவிக்கும் பகுதிதான் எங்களைப் படாத பாடு படுத்தியது.

சிப்புடன் வந்த டிரைவரில் இதற்கெனத் தனி ஐஆக்டில் (செயலி டிரைவருக்கு இடும் கட்டளை) ஒன்று இருந்தது. அதனுடன் போகும் ஸ்ட்ரக்சரில் (தரவுத் தொகுப்பில்) நேரத்தை ‘லாங்’ வகையில் வைத்திருந்தார்கள். அது 32 பிட் செயலியில் 4 பைட், 64 பிட் கெர்னலில் (லினக்ஸின் மையப்பகுதியில்) 8 பைட். ஐஆக்டில் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்சரின் அளவும் அடங்கியிருப்பதால், எங்கள் பழைய 32 பிட் செயலி அனுப்பிய எண்ணைக் கெர்னல் அடையாளம் காணாமல், அப்படியொரு கட்டளையே இல்லை என்று திருப்பி அனுப்பியது. சிப் தயாரிப்பாளரிடம் முறையிட்டதற்கு, செயலியையும் 64 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுமாறு ஒற்றை வரிப் பதில் வந்தது. இதைவிடக் கொடுமை, சாதனம் முழுவதற்கும் ஒரே நிகழ்வு க்யூதான் (காத்திருப்பு வரிசைதான்) இருந்தது. பதிவு செய்யும் நிரல் ஒரு நிகழ்வை எடுத்துவிட்டால், திரையில் காட்டும் நிரலுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

ஆகவே அதை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு, 2010இல் வீடியோ ஃபார் லினக்ஸில் (வீடியோச் சாதனங்களுக்கான லினக்ஸின் பொது இடைமுகத்தில்) சேர்க்கப்பட்ட நிகழ்வு இடைமுகத்தின்மேல் புதிதாகக் கட்டினோம். அதில் திறக்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் தனி க்யூ உண்டு. நிகழ்வுகளைப் பெறச் செயலி சந்தா செய்யும்போதே நினைவகம் ஒதுக்கப்பட்டுவிடுவதால், இன்டரப்டுக்குள் (வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும் கணத்தில்) நினைவகம் தேடி அலையும் தேவையும் இல்லை.

நிகழ்வுக்குள் 64 பைட் இடம் இருக்கிறதே, புதிய ரெசல்யூஷனையும் அதிலேயே அனுப்பலாமே என்ற வாதம் எங்களுக்குள் நெடுநேரம் நடந்தது. நான் கடைசிவரை மறுத்தேன். கேபிளைச் செருகும் கணத்தில் சிக்னல் பலமுறை வந்து போகும். செயலி படிக்கும் நேரத்தில் அந்தத் தகவல் பழங்கதையாகியிருக்கும். வீடியோ ஃபார் லினக்ஸில் ஏற்கெனவே உள்ள ‘சோர்ஸ் சேஞ்ச்’ நிகழ்வு, மாறிவிட்டது என்று மட்டுமே சொல்கிறது; அடுத்தடுத்து வரும் மாற்றங்கள் ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. ரெசல்யூஷன் உள்ளிட்ட தற்போதைய டைமிங்கைச் செயலிதான் கேட்டறிய வேண்டும். அப்போது, சிக்னலே இல்லை என்பதற்கும் சிக்னல் இன்னும் நிலைபெறவில்லை என்பதற்கும் வெவ்வேறு பிழை எண்கள் வரும். இரண்டையும் ஒன்றாகக் கருதிக் கைவிட்டுவிடாதீர்கள்.

செயலி எழுதுவோர் கவனிக்க: போல் அழைப்பில் காத்திருக்கும்போது நிகழ்வுகள், ஃபிரேம் தயார் என்று சொல்லும் ‘போல்இன்’ வழியாக வருவதில்லை, அவசரத் தகவலுக்கான ‘போல்பிரி’ வழியாகத்தான் வருகின்றன, அதற்குப் பதில் செலெக்ட் அழைப்பைப் பயன்படுத்தினால் மூன்றாவது தொகுதியில் பார்க்க வேண்டும். ஸ்ட்ரீமிங் தொடங்கும் முன் இரண்டையும் சேர்த்துக் கேட்டால், வீடியோபஃப்2 (ஃபிரேம்களுக்கான நினைவகத்தைக் கையாளும் கெர்னல் பகுதி) பயன்படுத்தும் டிரைவர்களில் ‘போல்எர்’ என்ற பிழைக்குறி உடனுக்குடன் திரும்பி வந்து, லூப் வெறுமனே சுழன்று சிபியுவைத் தின்றுவிடும். அந்நேரத்தில் ‘போல்பிரி’ ஒன்றை மட்டும் கேளுங்கள். வரிசை எண்ணில் இடைவெளி தெரிந்தால் நடுவில் நிகழ்வு விடுபட்டிருக்கலாம் அல்லது ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டிருக்கலாம். எப்படியாயினும் நிலையை மறுபடி கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

இப்போது கேபிளைப் பிடுங்கினால் இரு நிரல்களுக்கும் தகவல் போகிறது, 32 பிட்டிலேயே இருக்கும் அந்தப் பழைய செயலி உட்பட.