ஒரு கிகாபைட்டுக்குள் ஒரு தெரு

பினாங்கில் கைப்பேசி விளையாட்டுகளை உருவாக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் நான் நிரலாளராக இருந்தபோது, ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவை ஒத்த தெருவொன்றை ஆட்டக் களமாக அமைத்தோம். நினைவகச் சிக்கனத்தைப் பற்றி ஓவியர்களிடம் யாரும் பேசவில்லை; அவர்கள் முப்பது கடைவீடுகளுக்கும் தலா இரண்டு டெக்ஸ்சர் படங்களை (வடிவத்தின் மேல் போர்த்தும் மேற்பரப்புப் படங்களை), பெயர்ப்பலகையின் துருவைக்கூட விடாமல் வரைந்து தந்தார்கள். வெளியீட்டுக்கு இரண்டு மாதங்களே இருந்தபோதுதான், 1 ஜிபி நினைவகமுள்ள மலிவான கைப்பேசியிலும் ஆட்டம் ஓட வேண்டும் என்று மேலாளர் அறிவித்தார். சோதனைக் கைப்பேசியோ தெரு முழுதாகத் தோன்றுமுன்பே ஆட்டத்தை மூடிவிட்டது.

1024-க்கு 1024 புள்ளிகள் கொண்ட படம், சுருக்கப்படாவிட்டால் நினைவகத்தில் 4 எம்பி பிடிக்கும். அறுபது படங்களுக்கு 240 எம்பி. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டம் முழுவதும் 40 கேபிக்குள் அடங்கியது. எங்கள் ஒரு சுவர் பிடித்த இடத்தில் அதைப் போல் நூறு ஆட்டங்களை வைக்கலாம். மாரியோவில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவந்தான், நிறம் மட்டுமே வேறு என்பதை எங்கள் மூத்த ஓவியர் பகலுணவின்போது சொன்னார்; மறுநாளே கேமராவுடன் லிட்டில் இந்தியாவின் லெபோ பசார் தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் எடுத்துவந்த படங்களைப் பரப்பிவைத்துப் பார்த்தபோது, அத்தெருவைக் கட்டிய கொத்தனார்களும் எங்களைப் போலவே சிக்கனக்காரர்கள் என்று தோன்றியது. அதே மரச் சன்னல், அதே வளைவு, அதே தூண், கடைமுன் கூரையிட்ட நடைபாதையான அதே அஞ்சடி. வீட்டுக்கு வீடு மாறியவை பெரும்பாலும் சுண்ணாம்பின் நிறமும் பெயர்ப்பலகையுந்தான். ஆகவே உறுப்புகளை மட்டும் நான்கு படங்களில் தொகுத்து, நிறத்தை நிரலே பூசும்படி செய்தோம். தெருவின் தொலைகோடியை வரையாமல் விட, 1999-இல் சைலன்ட் ஹில் ஆட்டம் பயன்படுத்திய மூடுபனி உத்தியை எடுத்துக்கொண்டோம். பினாங்கில் பனி ஏது, அதனால் அது காட்டுத்தீயால் வரும் ஜெரெபு புகைமூட்டமாயிற்று. "அண்ணே, பாத்தாலே தொண்டை கரகரக்குது" என்றார் பட்டர்வொர்த்திலிருந்து வரும் சோதனையாளர்.

குறைந்த வசதியே கற்பனையை வளர்க்கும் என்று மேடையில் பேசுபவர்கள், அந்த இரண்டு மாதங்களில் எங்கள் வார இறுதிகள் போன கதையைக் கேட்டதில்லை. தொடக்கத்திலேயே தெரிந்த வரம்பு கையிலுள்ள உளி. கடைசியில் தெரியவரும் வரம்பு வெறும் தண்டனை.

தைப்பூச ரதக் காட்சியை எந்த உத்தியாலும் காப்பாற்ற முடியவில்லை. 1978-இல் நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில், எதிரிகள் குறையக் குறைய வரைய வேண்டியது குறைந்து, எஞ்சியவர்கள் தாமாகவே வேகமெடுத்தார்கள். அவர் அதைத் திருத்தாமல் ஆட்டத்தின் சுவையாக்கிக்கொண்டார். எங்களுக்கு நேர்ந்தது தலைகீழ். கூட்டம் கூடக் கூடக் கைப்பேசி சூடாகி, ரதம் நகர மறுத்தது. நிஜ ரதமும் மெதுவாகத்தானே போகும் என்று சிரித்துச் சமாளிக்கப் பார்த்தோம், ஆனால் ஆடுபவரின் விரலுக்கும் ஆட்டம் அசையவில்லை.

ரதத்தை நீக்கினோம். தை மாதத்தில் ஜெரெபு பொருந்தாது என்பதால் அதே புகையை வெளுப்பாக்கிச் சாம்பிராணியாக்கி, அதற்கு அப்பாலிருந்து நாதஸ்வரம் மட்டும் கேட்கும்படி வைத்தோம். தெருவெங்கும் உடைந்த தேங்காய்கள் கிடந்தன. எல்லாம் ஒரே தேங்காய்தான், திருப்பித் திருப்பி வைத்தது.